ஃபோர்மேன் சாப்பிட்டுப் போன தலை தீபாவளி

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மோட்டார் வைண்டராகிய நான். பிக்கப் வண்டி டிரைவர் காதர் பாய், மதுரை முனிச்சாலைக்காரர். எலெக்ட்ரீசியன் குப்புராம், மகால் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பம். ஃபிட்டர் செல்லப்பாண்டி, உசிலம்பட்டிப் பக்கம். ஐந்தாவது, எங்கள் ஃபோர்மேன் தங்கவேலு சார். அவருக்கும் மதுரைதான்.

பெயர்களை முதலிலேயே எழுதி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஐந்து பேரில் ஒருவர், அதே வாரத்தில் மேனேஜர் முன்னால் நின்று, "நான் அந்த ரூம் பக்கமே போகலை" என்று சொன்னார். இத்தனை வருஷம் கழித்தும் அந்த வார்த்தையை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அன்றைக்கு அவருக்கு நன்றாகவே இறங்கியது. எங்கள் உளுந்த வடையில் ஏழு.

1. ஆவணியில் கல்யாணம், புரட்டாசியில் விசா

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆரப்பாளையத்தில் ஒரு ரீவைண்டிங் பட்டறையில் சேர்ந்தேன். எரிந்த மோட்டாரின் பழைய காயிலை வெட்டி எடுப்பது, ஸ்லாட்டைச் சுரண்டிப் பேப்பர் வைப்பது, புதுக் கம்பி சுற்றுவது, வார்னிஷில் முக்கிக் காயவைப்பது. எனக்குத் தெரிந்த வேலை அவ்வளவுதான். மேற்கே செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கம் கோடையில் கரண்ட் ஏறி இறங்கும். கிணற்று மோட்டார்கள் மாட்டு வண்டியில் வந்து இறங்கும். வேலைக்குக் குறைவில்லை, கூலிதான் போதவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு ஆவணியில் கல்யாணம் நடந்தது. புரட்டாசியில் ஏஜெண்ட் ஆள் அனுப்பினான், துபாய்க்கு விசா வந்துவிட்டதென்று.

"தீபாவளி முடிச்சுட்டுப் போறேண்ணே. தலை தீபாவளி" என்றேன்.

"உனக்குத் தலை தீபாவளின்னு அரபிக்காரன் விசாவை அடைகாத்துக்கிட்டு இருப்பானா? போறதுன்னா இப்பப் போ. இல்லன்னா அடுத்தவன் பேரை எழுதிருவேன்" என்றான்.

அவனுக்குக் கொடுக்க என் மனைவியின் கழுத்திலும் கையிலும் இருந்தது அடகுக் கடைக்குப் போயிற்று. தாலி மட்டும் மிஞ்சியது. என் மாமனார் செக்கானூரணிக்குப் பக்கத்தில் விவசாயம் செய்பவர். எனக்கென்று வேட்டி சட்டை எடுத்து, அரைப் பவுன் மோதிரமும் செய்து வைத்திருந்தார். "ஊர்ல எல்லாத்து வீட்டுக்கும் மாப்பிள்ளை வருவாக. என் வீட்டுக்கு மட்டும் தபால்காரன் வருவானாக்கும்" என்று சொல்லி அதையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். வழியனுப்பவும் வரவில்லை.

நான் பிறவியிலேயே கவலைப்படுகிறவன். ஸ்விட்சை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ஜாதி. விமானத்தில் ஏறியதிலிருந்து எனக்கு ஒரே கணக்குதான் ஓடியது. வேலை பிடிக்கவில்லை என்று முதல் மூன்று மாதத்துக்குள் என்னைத் திருப்பி அனுப்பினால் டிக்கெட் காசும் என் தலையில். நகை மூழ்கிவிடும். மாமனார் வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பேன்?

2. மாப்பிள்ளை அழைப்பு

துபாயில், கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப்பில் எங்கள் அறையில் இரண்டு அடுக்குக் கட்டில்கள், நான்கு பேர். மூன்று பேரும் எனக்கு முன்னால் வந்தவர்கள். நான் கட்டிலில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டதைப் பார்த்துக் காதர் பாய்தான் முதலில் கேட்டார். சொன்னேன்.

"இம்புட்டுத்தானா? மாமனார் வீடு இங்கே இருக்கும்போது எதுக்குய்யா ஊருக்குப் போகணும்?" என்றார்.

"எங்கே பாய் இருக்கு?"

"இந்தா, இந்தப் பக்கத்துக் கட்டில்தான். நான் மாமனார். எனக்கும் கட்டிக்குடுக்குற வயசுல பொண்ணு இருக்கு, பேச்சு வரும். செல்லப்பாண்டி உனக்கு மச்சினன். குப்புராம்தான் மாமியார்."

"ஏன் பாய், நான் மட்டும் பொம்பளை வேஷமா?" என்றான் குப்புராம்.

"வடை சுடத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தானேப்பா."

சும்மா பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். தீபாவளியன்று, விடிவதற்கு முன்னால், செல்லப்பாண்டி என்னை எழுப்பிக் கையில் என் பையைக் கொடுத்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டான். பிளாக்கைச் சுற்றிக்கொண்டு மாப்பிள்ளையாக வந்து கதவைத் தட்ட வேண்டுமாம். அந்த இருட்டில் பையோடு சுற்றி வந்தேன். கேம்ப் வாட்ச்மேன், பட்டாணியர், யாரோ வேலையை விட்டு ஓடுகிறான் என்று என் பின்னாலேயே வந்தார். கதவைத் தட்டினேன். காதர் பாய் திறந்தார். தோளில் துண்டு, நெஞ்சு வரை ஏற்றிக் கட்டிய கைலி.

"வாங்க மாப்பிள்ளை. பயணமெல்லாம் எப்படி? பஸ்ல கூட்டமா?" என்றார்.

"பொண்ணு எங்க மாமா?" என்று நானும் கேட்டுவிட்டேன்.

"அவ செக்கானூரணில இருக்கா. இங்கே சாப்பாடு மட்டுந்தான்."

சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். குப்புராம் நல்லெண்ணெயில் மிளகு போட்டுக் காய்ச்சி வைத்திருந்தான். ஊரிலிருந்து அவன் வீட்டில் கொடுத்துவிட்ட எண்ணெய். அதை என் உச்சியில் வைத்து அவர்கள் வீட்டுப் பேச்சில் ஏதோ சொன்னான். என்னவென்று கேட்டதற்கு, "எங்கம்மா எனக்குச் சொல்றது. நல்லாயிருன்னு அர்த்தம்" என்றான். சீயக்காய் போட்டு இரண்டு தடவை தலை முழுகினேன். புதுச் சட்டையின் காலரில் மஞ்சள் வைத்துக் கொடுத்தார்கள். மூவரும் காசு போட்டு வாங்கிய சட்டை.

மச்சினன் மோதிரம் போட வேண்டும். செல்லப்பாண்டி கைலி மடிப்பிலிருந்து எடுத்தான். எரிந்த காயிலிலிருந்து வெட்டிப் போட்ட செப்புக் கம்பி, குப்பைத் தொட்டிக்குப் போனது. அதை எடுத்துத் தேய்த்து மூன்று சுற்றாகப் பின்னி மோதிரம் செய்திருந்தான். "பவுனு வெலை ஏறிப்போச்சு மச்சான். இருபத்திரண்டு கேஜ் கம்பிதான் கட்டுப்படியாச்சு" என்றான்.

அப்போதுதான் தங்கவேலு சார் வந்தார்.

"என்னப்பா, வடை வாசம் ஆபீஸ் பிளாக் வரைக்கும் வந்து இழுக்குது" என்று சொல்லிக்கொண்டு செல்லப்பாண்டியின் கட்டிலில் உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னோம். மனுஷன் நெகிழ்ந்துபோனார். "என் தலை தீபாவளிக்கு எங்க மாமனார் வாட்ச் வாங்கிக் குடுத்தாருப்பா" என்று கையைக் காட்டினார். வடை தின்றார், கேசரி தின்றார், இன்னொரு தடவை வடை கேட்டு வாங்கினார். எண்ணெய் மினுக்கு இன்னும் போகாத என் தலையைத் தொட்டு "நல்லாயிருடா" என்றார். தட்டில் பத்து திர்ஹம் மொய் வைத்தார். செப்பு மோதிரத்தைப் பார்த்து, "கம்பெனிக் கம்பியில மோதிரமாடா?" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அது வெறும் சிரிப்பு என்றுதான் நினைத்தோம்.

3. காயாத ஸ்டேட்டர்

தீபாவளியானாலும் அங்கே வேலை நாள்தான். அப்படியே ஷெட்டுக்குப் போனோம்.

ஒரு கட்டடத்துக்குக் கடற்கரைப் பக்கம் அஸ்திவாரக் குழி தோண்டியிருந்தார்கள். உப்புத் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். அதை இறைக்கும் பம்பின் மோட்டார் எரிந்து எங்களிடம் வந்திருந்தது. அதற்குக் காயில் சுற்றியது நான். சுற்றி முடித்து வார்னிஷில் முக்கி, முதல் நாள்தான் ஓவனில் வைத்திருந்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்டேட்டர் என்பது மோட்டாரின் அசையாத பாகம், காயில் அதற்குள்தான் இருக்கும். வார்னிஷ் மேலே காய்ந்தது போலக் காட்டும். உள்ளே, கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில், பச்சையாகவே இருக்கும். அந்த நிலையில் ஓடவிட்டால் ஈரக் காற்று உள்ளே போய்க் கரண்ட் கசிந்து, சுற்றியதெல்லாம் கரியாகிவிடும்.

தங்கவேலு சார் ஓவனைத் திறந்தார். "எடுத்து மாட்டுங்கப்பா. சைட்ல இருந்து போன் மேல போன் வருது."

"இன்னும் காயலை சார். நாளைக்கு வரைக்கும் கெடக்கணும்" என்றேன். மெக்கரை எடுத்து வந்து சுற்றிக் காட்டினேன். இன்சுலேஷனைச் சோதிக்கிற, கைப்பிடி போட்ட பெட்டி அது. முள் ஏறவே இல்லை, அடியிலேயே கிடந்து ஆடியது.

"நேத்து வந்த பயல் நீ. எனக்குச் சொல்றியா? ஓட ஓடச் சூட்டுல காஞ்சிரும். மாட்டு."

"சார், எனக்குப் பயமா இருக்கு சார்."

"ஒனக்கு எதுக்குத்தான் பயமில்லை? என் பொறுப்பு. மாட்டு."

இதைக் குப்புராமும் செல்லப்பாண்டியும் பக்கத்தில் நின்று கேட்டார்கள். அன்று நான் அந்தக் காயிலைக் கையால் தொடக்கூட இல்லை. மெக்கரின் வயரை மாட்டியதோடு சரி. காதர் பாய் வண்டியில் ஏற்றிப் போனார். செல்லப்பாண்டி மோட்டாரை மாட்டினான். குப்புராம் ஒயர் கனெக்‌ஷன் கொடுத்தான். மோட்டார் ஓடியது. நான் சோறு தின்னும்போதும் அந்தச் சத்தத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை மோட்டார் புகைந்து நின்றது. மாற்றுப் பம்பு வருவதற்குள் குழியில் தண்ணீர் ஏறி, அஸ்திவாரத்துக்குக் கட்டி வைத்திருந்த இரும்புக் கம்பியெல்லாம் முங்கிப்போனது.

4. எண்ணெய்த் தலைகள்

எங்கள் மேனேஜர் பம்பாய்க்காரர். இந்தியும் இங்கிலீஷும்தான் பேசுவார். ஆளைப் பார்த்துக் கத்த மாட்டார். டிக்கெட்டைப் போட்டு அனுப்பிவிடுவார். அன்று சாயங்காலம் காதர் பாய் ஆபீஸுக்கு வண்டிச் சாவி கொடுக்கப் போனார். திரும்பி வந்தவர் முகம் சரியில்லை. நான் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

"அந்த ஃபோர்மேன் மேனேஜர்கிட்ட என்ன சொல்லியிருக்கான் தெரியுமா? வைண்டர் அவன் பண்டிகைன்னு தலை நெறைய எண்ணெயைத் தேய்ச்சுட்டு வந்து, எண்ணெய்க் கையோட காயிலைத் தொட்டுட்டானாம். அதான் எரிஞ்சு போச்சாம். கம்பெனிக் கம்பியைத் திருடி மோதிரம் வேற செஞ்சு போட்டுக்கிட்டானாம். நாளைக்குக் காலையில ஒன்னை விசாரிச்சுட்டு ஊருக்கு அனுப்பப் போறாங்க."

குழாயை மூடக் கூடத் தோன்றவில்லை. நகை, மாமனார், அவள் முகம், எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. என் புத்தி எப்படிப்பட்டதென்றால், ஒரு நிமிஷம் ஃபோர்மேன் சொல்வது உண்மையோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கையை மோந்து பார்த்தேன். அப்புறம்தான் நிதானம் வந்தது. வார்னிஷில் முக்கியது தீபாவளிக்கு முதல் நாள். எண்ணெய் வைத்தது தீபாவளியன்று. முக்கி முடித்த காயிலுக்குள் மறுநாள் எண்ணெய் எப்படிப் போகும்? இது தங்கவேலு சாருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். மேனேஜருக்கு வைண்டிங் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

"வடையைத் தின்ன வாயாலயா சொன்னான்?" என்றான் செல்லப்பாண்டி, அறையில் விஷயத்தைக் கேட்டதும். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பியவனைக் காதர் பாய் பிடித்து உட்கார வைத்தார்.

"அடிச்சா நீயும் சேந்து போவே. குப்புராம், அந்த எண்ணெய் மிச்சம் இருக்கா?"

"அரைப் பாட்டில் இருக்கு பாய். எதுக்கு?"

"காலையில சொல்றேன்."

காலையில் அவர் செய்தது இதுதான். முதலில் தன் தலையில் ஒரு கை எண்ணெய் வைத்தார். குப்புராம் தலையில் வைத்தார். செல்லப்பாண்டி தானாகவே குனிந்தான். கடைசியில் எனக்கு. சீயக்காய் கிடையாது, குளியல் கிடையாது. நெற்றியிலும் காதோரத்திலும் எண்ணெய் வழிய நான்கு பேரும் நடந்து போய் மேனேஜரின் ஏ.சி. ரூமுக்குள் நுழைந்தோம். கார்ப்பெட்டில் சொட்டியது.

மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எண்ணெய் தேய்த்தது யார் என்று கேட்டார். அங்கே ஏற்கெனவே நின்றிருந்த தங்கவேலு சார் என்னைக் காட்டினார்.

காதர் பாய் அவருக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார். பிறகு எங்களுக்காகத் தமிழிலும் சொன்னார். "நாங்க எல்லாருந்தான் தேய்ச்சோம். அந்த மோட்டாரைத் தூக்குனது நான். மாட்டுனது இவன். ஒயர் குடுத்தது அவன். எண்ணெய்தான் காரணம்னா எங்க நாலு பேரையும் அனுப்புங்க."

"பாய், நீங்களுமா? உங்களுக்கு ஏது தீபாவளி?" என்று தங்கவேலு சார் கேட்டார்.

"எம் மருமகனுக்குத் தலை தீபாவளி சார். நீங்களும் வந்து மொய் வச்சீங்களே, மறந்துபோச்சா?"

இதையும் காதர் பாய் இந்தியில் சொன்னதும், மேனேஜர் ஃபோர்மேன் பக்கம் திரும்பினார். அப்போது சொன்னதுதான் அந்த வார்த்தை. "நான் அந்த ரூம் பக்கமே போகலை."

எனக்கு வாழ்க்கையில் அதுவரை மேலதிகாரியை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. அன்றைக்குப் பேசினேன். "ஓவனைத் திறந்தது நீங்க சார். காயலைன்னு நான் சொன்னேன். ஒங்க பொறுப்புன்னு சொன்னீங்க" என்றேன். காதர் பாய் அதை மொழிபெயர்த்தார். மேனேஜர் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. மோதிரத்தைக் கழற்றி மேஜையில் வைக்கச் சொன்னார். வைத்தேன்.

நான்கு பேரையும் அனுப்பினால் பம்பு வேலை மொத்தமும் நின்றுவிடும். அதனால் யாரையும் அனுப்பவில்லை. தலைக்கு நூற்றைம்பது திர்ஹம் சம்பளத்தில் பிடித்தார்கள். செய்யாத தப்புக்கு. அந்த மூன்று பேருக்கும் ஊரில் குடும்பம் இருந்தது. குப்புராம் தங்கை கல்யாணத்துக்குச் சேர்த்துக்கொண்டிருந்தான். எனக்காக ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை.

வெளியே வந்ததும் தங்கவேலு சார் என் தோளில் கை போட்டார். "தப்பா எடுத்துக்காதே தம்பி. எனக்கு இங்கே இருபது வருஷப் பேரு இருக்கு. அந்த அறுநூறை நான் தந்துர்றேன். பேசாம இருங்க." கூட வந்த மூவரும் இதைக் கேட்டார்கள். நாங்கள் பேசாமல் இருந்தோம். அவரும் பேசாமல் இருந்துவிட்டார். அடுத்த வருஷம் வேறு கம்பெனிக்கு ஃபோர்மேனாகவே போனார். போகும்போது பார்ட்டி வைத்தார். எங்களைக் கூப்பிடவில்லை.

5. கப்பலூரில்

நான் நகையை மீட்டேன். இரண்டாம் தீபாவளிக்குச் செக்கானூரணிக்குப் போனபோது லீவில் வந்திருந்த காதர் பாயையும் கூட்டிப் போனேன். மாமனார் பீரோவைத் திறந்து வேட்டி, சட்டை, மோதிரம் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். "தலை தீபாவளிதான் இல்லாமப் போச்சு" என்றார்.

"யாரு சொன்னா? நான் நடத்திட்டேனே. நீங்க ரெண்டாவது மாமனார்" என்றார் காதர் பாய்.

மாமனார் தன் இலைக்குப் பக்கத்தில் இன்னொரு இலையைப் போட்டு, "அப்ப நீங்க எனக்கு அண்ணன் முறை. உக்காருங்கண்ணே, சாப்பிடுவோம்" என்றார். அன்றிலிருந்து என் மனைவி அவரை, அவர் பெண்ணைப் போலவே, அத்தா என்றுதான் கூப்பிடுகிறாள். குப்புராம் தங்கை கல்யாணத்தில் நாங்கள்தான் பந்தி பரிமாறினோம். செல்லப்பாண்டி என் பிள்ளைகளுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் இடத்தில் உட்கார்ந்தான். என் மனைவிக்குக் கூடப் பிறந்த ஆண்பிள்ளை இல்லை. அந்த இடத்துக்கு அவன் தானாகவே வந்தான்.

இப்போது கப்பலூரில் எனக்குச் சொந்தப் பட்டறை. தீபாவளியன்று காலையில் வேலைக்கு யாரையும் வரச் சொல்வதில்லை. எவ்வளவு அவசர மோட்டாரானாலும் சரி. என்னிடம் வேலை பார்க்கிறவர்களுக்கும் இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கும் நான் சொல்வது ஒன்றுதான். மெக்கரில் முள் ஏறாமல் ஸ்டேட்டரை மாட்டாதீர்கள். "என் பொறுப்பு" என்று ஒருத்தர் சொன்னால், அதை மேலே உள்ளவர் காதிலும் விழும்படி சொல்லச் சொல்லுங்கள். சொல்லத் தயங்கினால் ஓவனைச் சாத்திவிட்டு நகர்ந்து நில்லுங்கள். பயந்தவன் என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். அன்று அந்த ஷெட்டில் சரியாகச் சொன்னது என் பயம் ஒன்றுதான்.

தங்கவேலு சார் மதுரையில் வீடு கட்டிக் குடியிருப்பதாகக் கேள்வி. இது அவர் கண்ணில் பட்டால் படட்டும். நான் யார் காசையும் கூடுதலாகக் கேட்கிறவன் இல்லை. பிடித்தது அறுநூறு. அதில் எனக்கு அவர் தட்டில் வைத்த மொய் பத்தைக் கழித்துக்கொள்கிறேன். மீதி, ஐந்நூற்றுத் தொண்ணூறு திர்ஹம், இன்னும் வரவில்லை.